பிரிம்ஸ்டெட்: ஒரு பெயரின் வலப்பக்கம்

ஜெர்மனியில், லைப்சிக் நகரத்து ஆவணக் காப்பகம் ஒன்றின் வாசிப்பறையில் மேசை விரிப்புகள் பச்சை நிறம். பழைய புத்தகத்தின் முதுகு ஒடியாமல் இருக்க, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுக் கட்டைகள் தந்தார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். கோட்டையும் பையையும் வெளியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு கொப்பியோடும் கைத்தொலைபேசியோடும் உள்ளே போயிருந்தேன்.

மூன்றாவது தொகுதியில் நான் தேடிவந்த வரி கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலேய மிஷன் ஒன்று நடத்திய விடுதிப் பள்ளியின் ஆண்டறிக்கை. பிள்ளைகளின் பட்டியல். பன்னிரண்டாவது வரி: எட்மண்ட் பிரிம்ஸ்டெட். பக்கத்துக் கட்டத்தில், பெயர் சூட்டக் கேட்டவர்கள்: பிரிம்ஸ்டெட் தம்பதியர், மறைந்த தங்கள் மகனின் நினைவாக.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அது நல்ல மகிழ்ச்சி அல்ல என்பதும் அப்போதே தெரிந்தது.

இது என் நண்பன் ஜோர்ஜின் குடும்பப் பெயர். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக, தன் முன்னோர் ஒருவர் ஆங்கிலேயக் கப்பல் கப்டன் என்று அவன் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். கப்டன் இல்லை. கப்பல் இல்லை. இங்கிலாந்தில் பிள்ளையை இழந்த இருவர், தங்களுக்குத் தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்று, இறந்த மகனின் பெயரை அவனுக்கு இடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கால மிஷன் பள்ளிகளில் இது வழக்கம். அதே பக்கத்தில் இன்னும் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட பெயர்கள் இருந்தன.

இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டு எழுந்தேன். நான் வசிக்கும் டுசல்டோர்ஃபுக்குத் திரும்பும் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

முதலில் கூப்பிடப்பட்டவன்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எங்களை வைத்திருந்த அகதி விடுதி. நாங்கள் 'ஹைம்' என்றுதான் சொல்வோம். நானும் ஜோர்ஜும் ஒரே அறை. இரட்டைக் கட்டிலில் அவன் மேலே, நான் கீழே.

வாரத்தில் ஒரு நாள் அலுவலர் வந்து, கூடத்தில் நின்று பட்டியல் வாசிப்பார். தமிழ்ப் பெயர் வந்ததும் அவருடைய குரல் தாழும். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வார். இருமுவார். கடைசியில் தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். ஜோர்ஜின் பெயர் வந்தால் மட்டும் நிமிர்ந்து நின்று வாசிப்பார். "ஹெர் பிரிம்ஸ்டெட்!" திரு பிரிம்ஸ்டெட். ஜெர்மனியின் வடக்கே இந்த ஒலியில் முடியும் ஊர்கள் பல உண்டு. தன் ஊர்ப் பக்கத்து ஆளைக் கூப்பிடும் சுகம் அந்தக் குரலில் கேட்டது.

என் பெயர் கிருஷ்ணமூர்த்தி. அப்பாவின் பெயர் சின்னத்தம்பி. நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. விண்ணப்பக் கடதாசியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதால் அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் என்னை யாராவது மரியாதையாகக் கூப்பிட்டால், கூப்பிடப்படுவது அவர்தான்.

"எங்கடை பூட்டன்ர தேப்பன் கப்டன் மச்சான்," என்று ஜோர்ஜ் மேல் கட்டிலிலிருந்து சொல்வான். "கப்பல் ஊர்காவற்றுறையிலை தட்டி நிண்டதாம். அங்கையே ஒரு பெட்டையைக் கண்டு..."

"உன்ர நிறத்தைப் பாத்தால் கப்பல் கரி ஏத்தி வந்தது போலை கிடக்கு."

சிரிப்பான். அவனுக்குக் கோபம் வராது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அச்சகம்

நான் ஊரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தவன். ஈயம், மை, ஈரப் புரூஃப் தாள் எல்லாவற்றின் வாசனையும் தெரியும். ஜோர்ஜ் கணித ஆசிரியன்.

வேலை செய்ய அனுமதி கிடைத்த வருடம், நகரத்து அச்சகம் ஒன்றில் அவுஸ்பில்டுங், அதாவது தொழில் பயிற்சி, இருப்பதாக அறிந்தேன். அறிந்தவன் நான். விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். "நீயும் ஒண்டு போடன்" என்று ஜோர்ஜின் விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தவனும் நான். ஒரே உறை அளவு, ஒரே முத்திரை, ஒரே தபால் பெட்டி.

நேர்முகத்துக்கு நாள் குறித்த டெர்மின் கடிதம் அவனுக்கு வந்தது. எனக்கு மூன்று வரியில் வருத்தம் வந்தது.

அன்று பின்னேரம் கட்டிலில் இருந்து, அச்சு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்கு நான் பாடம் எடுத்தேன். கொப்பியில் படம் கீறிக் காட்டினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டான். போனான், வென்றான், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தான். நான் ஹோட்டல் சமையலறைக்கும், பிறகு பார்சல் பிரிக்கும் இடத்துக்கும் போனேன்.

பெயருக்காகத்தான் அவனைக் கூப்பிட்டார்களா? ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை எழுதக்கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். எழுதவில்லை, நினைத்துக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டேன்.

அவன் வீட்டு வாசல் மணிக்குப் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் அவன் பெயர் இருக்கிறது. என் வீட்டு மணியில், பெயர் கட்டத்துக்குள் அடங்காததால், கடைசி எழுத்துகளைப் பராமரிப்பாளர் வெட்டிவிட்டார்.

"அந்த மனிசன் தும்மினாலும் உங்களுக்கு இங்கிலீசிலை கேக்குது," என்பாள் மனைவி மனோ.

ஒரு பக்கக் கட்டுரை

போன வருடம் ஜோர்ஜின் ஒரே மகள் ஹன்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லூக்காஸ், ஜெர்மன்காரர். இங்கே கல்யாணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: மணமக்களைப் பற்றி நண்பர்கள் எழுதி, ஒரு சின்னச் செய்தித்தாள் அச்சடித்து, விருந்தினர் கையில் கொடுப்பார்கள். கேலி, பழைய படங்கள், குடும்பக் கதை எல்லாம் இருக்கும்.

ஜோர்ஜ் என் வீட்டுக்கு வந்தான். மனோ கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"மச்சான், நீ பேப்பர்காரன். எங்கடை பேர் எங்கையிருந்து வந்தது எண்டு தேடி ஒரு பக்கம் எழுது."

"உனக்குத்தான் தெரியுமே. கப்டன்."

"அது அப்பா சொன்ன கதை. அப்பாவுக்கு ஆர் சொன்னதெண்டு தெரியேல்லை." தேநீர்க் கோப்பையைத் தட்டில் சுற்றினான். "லூக்காஸ் தன்ர பேரை விட்டிட்டு எங்கடை பேரை எடுக்கிறன் எண்டு நிக்கிறான். கலியாணப் பதிவுக்கு இன்னும் மூண்டு மாசம் இருக்கு. எனக்குப் பொடியன் இல்லை, தம்பியும் செத்துப் போட்டான். அவன் எடுத்தால் பேர் நிக்கும். ஆனா..."

"ஆனா?"

"அது உண்மையிலை எங்கடை பேர்தானோ எண்டு தெரியாமல் அந்தப் பிள்ளையின்ர தலையிலை ஏன் கட்டுவான்? எங்கடை இல்லையெண்டால் சொல்லு. நான் ஹன்னாவிட்டைச் சொல்லி நிப்பாட்டிறன்."

"சரி, பாக்கிறன்," என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது மனோ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப நல்ல சந்தோசமோ?"

"எதுக்கு?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணியை நீங்களே குடியுங்கோ."

வடக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம்

வேலையை முறைப்படி செய்தேன். அதில் குறை சொல்ல முடியாது.

பிரிம்ஸ்டெட் இங்கிலாந்திலேயே அரிய பெயர். குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் சங்கம் ஒன்றுக்கு எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரு பெண்மணி பதில் எழுதினார். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே ஒரு சின்ன நகரத்தில் மட்டுமே இந்தப் பெயர் இருந்ததாகவும், அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இந்தப் பெயருள்ள கற்கள் நான்கு இருப்பதாகவும் சொன்னார். ஒன்று கடிகாரம் திருத்துகிறவருடையது. அருகில் அவர் மனைவி. நடுவில் சிறிய கல்: எட்மண்ட், ஆறாவது வயதில்.

"இன்று இங்கே இந்தப் பெயரில் யாரும் இல்லை," என்று முடித்திருந்தார். "ஜெர்மனியில் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியது எனக்கு ஆச்சரியம்."

கடிகாரக்காரர் மனைவி தேவாலயத்தின் மிஷன் சங்கத்தில் இருந்தவர். அந்தச் சங்கம் யாழ்ப்பாணத்துப் பள்ளி ஒன்றுக்கு உதவியிருக்கிறது. அறிக்கைகள் அந்த ஊரில் இப்போது இல்லை. ஆனால் அக்காலத்தில் மிஷன்கள் தங்கள் ஆண்டறிக்கைகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டன. அப்படி லைப்சிக் மிஷனுக்கு வந்தவற்றில் சில அந்த நகரத்திலேயே பாதுகாக்கப்பட்டிருந்தன. அதனால்தான் அந்தப் பச்சை மேசை, அந்தப் பஞ்சுக் கட்டைகள், அந்தப் பன்னிரண்டாவது வரி.

திரும்பும் ரயிலில் கட்டுரையை எழுதி முடித்தேன். ஐந்து மணிநேரப் பயணம். இரண்டு மணிநேரம் மிஞ்சியது. தலைப்பு முதலிலேயே வந்துவிட்டது: 'கப்டன் வரவே இல்லை'.

நல்ல கட்டுரை. வார்த்தைகள் இடத்தில் விழுந்தன. கிண்டல் மென்மையாக இருந்தது. திருமண மண்டபத்தில் நூறு பேர் சிரிப்பார்கள், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு என்று ஒரு வாக்கியம். அதை நாலு தரம் வாசித்துப் பார்த்து ரசித்தேன்.

ஜோர்ஜின் சமையலறை

கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு படங்களையும் கடையில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை ஜோர்ஜ் வீட்டுக்குப் போனேன். கட்டுரை மேல்சட்டைப் பையில் மடித்து இருந்தது. முதலில் ஆவணம், பிறகு கட்டுரை. முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். அதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை.

கடிகாரக்காரர் கதையைச் சொன்னேன். கல்லறைகளைச் சொன்னேன். புத்தகத்தின் இடப்பக்கம் இருந்த தாளை அவன் முன்னால் வைத்து, பன்னிரண்டாவது வரியில் விரலை வைத்தேன்.

வாசித்தான். அவனுடைய வாயின் இடது ஓரம் சற்றுக் கீழே இறங்கியது. நான் பார்த்தேன். எனக்குப் போதுமானதாக இருந்தது.

"அப்ப கப்டன் இல்லை," என்றான்.

"இல்லை மச்சான்."

"ஆரோ தந்த பேர்."

"ஓம்."

பிறகு என் கையில் இருந்த மற்றத் தாளைக் காட்டினான். "அது என்ன?"

"அது மற்றப் பக்கம். பட்டியலின்ர தொடர்ச்சி."

"வாசிச்சனியோ?"

"ஓம்," என்றேன்.

பொய். அந்த அட்டவணை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அச்சிடப்பட்டிருந்தது. இடப்பக்கத்தில் பாதிக் கட்டங்கள், வலப்பக்கத்தில் மீதி. தலைப்புக்குத் தேவையானது கிடைத்ததும் மேலே வாசிப்பதை நிறுத்துவது எங்கள் தொழிலில் வருகிற வியாதி. இரவுப் பதிப்புக்கு ஓடிய காலத்தில் பழகியது. வலப்பக்கத்தைப் பழக்கத்தில் படம் எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை.

ஜோர்ஜ் கண்ணாடியை மாற்றிப் போட்டான். இரண்டு தாள்களையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தான். அச்சகத்தில் வாழ்ந்த கை, மயிரிழை பிசகவில்லை. பன்னிரண்டாவது வரியில் விரலை வைத்து வலப்பக்கம் நகர்த்தினான். ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாகத் தமிழில் சொன்னான்.

"முந்தின பேர், முருகேசு." விரல் நின்றது. "தேப்பன் கதிர்காமர். தேப்பன்ர தேப்பன் வேலாயுதர். தாய் சிவகாமி. ஊர்..." ஊரின் பெயரையும் சொன்னான். "மச்சான், இது அம்மம்மா ஆக்களின்ர ஊருக்குப் பக்கம்."

கடைசிக் கட்டம் ஆசிரியரின் குறிப்பு. அதை வாசிக்கும்போது அவன் குரல் மாறியது.

"கணக்கிலை கெட்டி. தாயைக் கேட்டு அழுறான்."

பிறகு சிரித்தான். "கணக்கிலையாம் மச்சான்! கேட்டனியோ?" கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தான். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க வேண்டியிருந்தது.

விரல் விட்டு எண்ணினான். தான், அப்பா, அப்பப்பா, பூட்டன், பூட்டனின் தகப்பன் முருகேசு, கதிர்காமர், வேலாயுதர்.

"ஏழு. ஏழு தலைமுறை எழுத்திலை கிடக்கு. எங்கடை ஆக்களிலை ஆருக்கு இப்பிடி இருக்கு? நீ இதை எங்கையெல்லாம் போய்த் தேடியிருக்கிறாய்!" என் தோளைப் பிடித்து உலுக்கினான். "உனக்கு எத்தினை வரும் மச்சான்?"

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"மூண்டு," என்றேன். "என்னையும் சேத்து."

அவனிடமிருந்து ஒரு பெயரை எடுக்கப் போனேன். போன இடத்தில் இன்னும் மூன்றைக் கொடுத்துவிட்டு நின்றேன். ஒரு தாயையும்.

"அப்ப லூக்காஸ்?" என்று கேட்டேன். கடைசி நம்பிக்கை. "அந்தப் பேர் உங்கடை இல்லையே."

ஜோர்ஜ் இடப்பக்கத் தாளைத் தடவினான்.

"பிள்ளையைப் பறிகுடுத்த ஆக்கள் மச்சான். பேரெண்டாலும் எங்கையாவது ஓடித் திரியட்டும் எண்டு கடல் தாண்டி அனுப்பியிருக்கினம். அங்கை இப்ப ஒருத்தரும் இல்லையெண்டு நீதானே சொன்னனி. நாங்களும் விட்டால் அந்தப் பொடியனுக்கு ஆர் இருக்கினம்?" எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தான். "லூக்காஸ் எடுக்கட்டும். ரெண்டு கதையையும் சொல்லித்தான் குடுப்பன். சரி, கட்டுரை எழுதீற்றியோ?"

கை தானாக மேல்சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"இன்னும் இல்லை," என்றேன்.

இரண்டாவது பிரதி

அந்த வாரம் மறுபடி எழுதினேன். 'கணக்கில் கெட்டி' என்று தொடங்கினேன். கடிகாரக்காரரின் மகனையும் முருகேசுவையும் ஒரே பந்தியில் வைத்தேன். மனோ வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். பிறகு, "இஞ்சை வந்த பிறகு நீங்கள் எழுதினதிலை இதுதான் திறம்," என்றாள்.

அதுவும் உண்மைதான். என் நல்ல எழுத்தும் அவன் பெயருக்கே போய்ச் சேர்ந்தது.

கல்யாணச் செய்தித்தாளைப் பக்கம் அமைத்தவள் ஹன்னா. அச்சடிக்க ஜோர்ஜின் பழைய அச்சகமே ஒத்துக்கொண்டது. அச்சுக்குப் போகும் நாள் மத்தியானம் அவள் தொலைபேசியில் அழைத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் ஜெர்மன் சந்தத்தில் வரும்.

"மூர்த்தி மாமா, கட்டுரைக்குக் கீழை உங்கடை முழுப்பேர் போடவேணும். சின்னத்தம்பி எண்டுறது ஃபமிலியன்நாம, குடும்பப் பேர் தானே?"

"ஓம் பிள்ளை. கடதாசியிலை அப்பிடித்தான்."

"அது எங்கையிருந்து வந்தது? உங்களைப் பற்றியும் ஒரு வரி போடச் சொன்னவர் அப்பா. நாலு வரிக்கு இடம் இருக்கு."

"அது என்ர அப்பா."

"ஓ. அவரின்ர அப்பா?"

"ஆறுமுகம்."

"அவருக்கு அப்பா?"

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றேன்.

அலுமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது, போய்த் திறந்தேன். அதில் அப்பாவின் மரண அறிவித்தலின் துண்டு. நாளிதழில் இருந்தபோது நான் திருத்தி அனுப்பிய அறிவித்தல்களுக்குக் கணக்கில்லை. எல்லாம் ஒரே அச்சு. காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும் என்று போகும். மேலே ஒரு படி, பக்கவாட்டில் மைத்துனர், சகலன் என்று இருபது பேர். மேலே இரண்டாவது படிக்கு அதில் இடமே இல்லை. அப்பாவுக்கானதை இங்கிருந்து தொலைபேசியில் வரி வரியாகச் சொல்லி எழுதுவித்தவன் நான். 'காலஞ்சென்ற ஆறுமுகம் பொன்னம்மா தம்பதியரின் அன்பு மகனும்' என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போயிருந்தேன். யாரும் மேலே கேட்கவில்லை. அப்பாவிடம் நானும் கேட்டதில்லை. அவர் உயிரோடு இருந்த காலத்தில் நான் தினமும் பத்துப் பேரிடமாவது கேள்வி கேட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, லைனிலை நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன். பேரை மட்டும் போடு பிள்ளை. அந்த நாலு வரியை முருகேசுவுக்குக் குடு."

அவள் நன்றி சொல்லி வைத்தாள்.

துண்டைக் கோப்பில் திரும்ப வைக்கும்முன் இந்தமுறை மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். சீமெந்துக் கடை ஒன்றின் விளம்பரம். அதிலும் பாதிதான் இருந்தது.